தீவிரவாதத்திலிருந்து ஆட்களை மீட்கும் தொண்டு அமைப்பு நடத்துவது: ஒரு வாழ்க்கைத் தொழிலாகத் தேறுமா?

மேகமூட்டம், கோத்தகிரி
எல்லோருக்கும் வணக்கம். என் தங்கை எம்.எஸ்.டபிள்யூ. முடித்துவிட்டு கூடலூர் பக்கம் ஒரு என்.ஜி.ஓ.வில் களப்பணி செய்கிறாள். இப்போது அவளுக்குப் புதிதாக ஓர் ஆசை. தீவிரவாதக் குழுக்களில் சிக்கிய இளைஞர்களை வெளியே கொண்டுவரும் வேலையை வெளிநாட்டில் முறையாகப் படித்துவிட்டு, பிறகு இங்கேயே அப்படி ஓர் அமைப்பை நடத்த வேண்டும் என்கிறாள். அப்பாவோ, "அது போலீஸ் பார்க்கிற வேலை, பெண்பிள்ளைக்கு எதற்கு" என்று ஒரே பிடியாக நிற்கிறார். நடுவில் நான். இந்த மாதிரி அமைப்பு நடத்தியவர்கள் கடைசியில் என்ன ஆனார்கள்? மேடையில் பேசுவதும் விருது வாங்குவதும் யூடியூபில் கிடைக்கிறது. பதினைந்து இருபது வருடம் கழித்து அவர்கள் நிலைமை என்ன என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

டீக்கடை பெஞ்ச், குன்னூர்
முதலில் பச்சைத் தேயிலைக்கு ஒழுங்கான விலை வாங்கித் தர ஒரு அமைப்பு ஆரம்பிக்கச் சொல்லுங்கள். இந்த மலையில் பாதிப் பேர் தீவிரமாக இருப்பது அந்த ஒரு விஷயத்தில்தான்.

நெறியாளர்
இழை இப்போதுதான் தொடங்குகிறது, அதற்குள் திசை மாற்ற வேண்டாம். ஒரு மதத்தையோ சாதியையோ மொத்தமாகக் குற்றம் சாட்டும் பதிவுகள் நீக்கப்படும். தேயிலை விலைக்குத் தனி இழை இருக்கிறது, அங்கேயும் இதே சண்டைதான் நடக்கிறது.

பழைய நூலகம், ஊட்டி
மேகமூட்டம், உங்கள் தங்கை முதலில் பெர்ன்ட் வாக்னர் என்ற ஜெர்மானியரைப் பற்றிப் படிக்கட்டும். அவர் பிறந்தது 1955ல். கிழக்கு ஜெர்மனியில் குற்றப்பிரிவு போலீஸ்காரர். 1987 அக்டோபரில் கிழக்கு பெர்லினில் சீயோன் தேவாலயத்தில் நடந்த இசைநிகழ்ச்சிக்குள் ஹிட்லர் கொள்கையைப் பின்பற்றும் மொட்டைத்தலை நவநாஜிக் கும்பல் புகுந்து ஆட்களை அடித்தது. கம்யூனிஸ்ட் நாட்டில் பாசிசத்தை வேரோடு பிடுங்கிவிட்டோம் என்பது அரசின் பேச்சு. அங்கேதான் இது நடந்தது. அந்தக் கும்பல்களைப் பற்றி ஆராயும் பொறுப்பு வாக்னருக்கு வந்தது. அவர் கண்டு சொன்னதை மேலிடம் ரசிக்கவில்லை. இல்லாத ஒன்று இருக்கிறது என்று எழுதிக் கொடுத்தால் எந்த மேலிடம் ரசிக்கும்?

சுவர் விழுந்த பிறகும் கொஞ்சகாலம் போலீஸில் இருந்துவிட்டு வெளியே வந்தார். 1997ல் ஜனநாயகப் பண்பாட்டு மையம் என்று ஓர் அமைப்பு. 2000ல் எக்ஸிட் டாய்ச்லாண்ட், நவநாஜிக் கும்பல்களிலிருந்து வெளியேற நினைப்பவர்களுக்கு உதவும் அமைப்பு. அதை அவரோடு சேர்ந்து தொடங்கியவர் இங்கோ ஹாஸல்பாக், ஒரு காலத்தில் பெர்லின் நவநாஜிகளின் தலைவர், 1993ல் வெளியேறியவர். வெளியேறியதற்குப் பழியாக அவருடைய அம்மா வீட்டுக்குப் பார்சலில் குண்டு போனது. நல்லவேளை வெடிக்கவில்லை. பிடிக்க வேண்டியவரும் பிடிபட வேண்டியவரும் ஒரே அலுவலகத்தில் உட்கார்ந்தார்கள் என்பதுதான் இந்தக் கதையில் எனக்குப் பிடித்த இடம்.

அவர்கள் ஆளைத் தேடிப் போய்த் திருத்துவதில்லை. வெளியேற நினைப்பவர் தானாகத் தொடர்பு கொள்ள வேண்டும். வந்தவரிடம் முதல் நாளே ஹிட்லரைப் பற்றி விவாதம் வைப்பதுமில்லை. உயிருக்கு ஆபத்து உண்டா, வீடு மாற வேண்டுமா, நிலுவையில் வழக்கு என்ன, கடன் எவ்வளவு, குடிப்பழக்கம் உண்டா, வேலை கிடைக்குமா என்பதெல்லாம் முதலில். கொள்கையைப் பற்றிய பேச்சு உண்டு, அதை விட்டுவிடுவதில்லை. ஆனால் அது நிதானமாக வரும், வருடக்கணக்கில் ஓடும். இதுவரை 500க்கும் மேற்பட்டவர்கள் இப்படி வெளியே வந்திருப்பதாக அமைப்பு சொல்கிறது. ஒருவருக்கே சில வருடம் பிடிக்கும் வேலையில் இது சின்ன எண்ணிக்கை இல்லை.

டீக்கடை பெஞ்ச், குன்னூர்
நூலகம் சார், தானாக வரட்டும் என்று உட்கார்ந்திருந்தால் யார் வருவார்கள்? அமைப்பு இருப்பதே அவனுக்கு எப்படித் தெரியும்?

பழைய நூலகம், ஊட்டி
நல்ல கேள்வி. 2011ல் கெரா என்ற ஊரில் நவநாஜி ராக் இசைவிழா. விழா நடத்தியவர்களுக்கு யாரோ 250 டி-சர்ட் இலவசமாக அனுப்பி வைத்தார்கள். மண்டையோடு, கொடி, வீர வசனம் எல்லாம் அச்சடித்தது. கூட்டத்தில் விநியோகித்தார்கள், பையன்களும் ஆசையாக வாங்கிப் போனார்கள். வீட்டில் துவைத்ததும் மேல் அச்சு கரைந்து அடியில் இருந்த வாசகம் தெரிந்தது. 'உன் சட்டையால் முடிந்தது உன்னாலும் முடியும், வெளியே வர நாங்கள் உதவுகிறோம்' என்ற பொருளில் எக்ஸிட்டின் செய்தி. அனுப்பியது அவர்கள்தான்.

2014ல் இன்னொன்று. வுன்சீடல் என்ற சின்ன ஊரில் நவநாஜிகள் வருடாவருடம் ஊர்வலம் போவார்கள், ஊர்க்காரர்களுக்கோ தடுக்க வழியில்லை. அந்த வருடம் அவர்கள் நடக்கும் ஒவ்வொரு மீட்டருக்கும் 10 யூரோ எக்ஸிட்டுக்கு நன்கொடை என்று ஊரும் வியாபாரிகளும் ஏற்பாடு செய்துவிட்டார்கள். சாலையில் தூரம் எழுதி, வழியில் வாழைப்பழம் கொடுத்து, முடிவில் நன்றிப் பலகை வைத்து, 10,000 யூரோ சேர்ந்தது. தங்களுக்கு எதிரான அமைப்புக்குத் தாங்களே நடந்து பணம் திரட்டிக் கொடுத்தார்கள்.

கேள்விக்குறி, கொடைக்கானல்
சுவாரசியமான கதைகள், மறுக்கவில்லை. ஆனால் மறுபக்கத்தையும் சொல்லுங்கள் சார். லண்டனில் குவில்லியம் அறக்கட்டளை, இஸ்லாமியத் தீவிரவாதத்தை எதிர்க்க வந்த அமைப்பு. மாஜித் நவாஸ், எட் ஹுசைன் இருவரும் ஹிஸ்புத் தஹ்ரீர் என்ற இஸ்லாமியத் தீவிரப்போக்கு இயக்கத்தில் இருந்து வெளியே வந்தவர்கள். நவாஸ் 2002 முதல் 2006 வரை எகிப்தில் சிறையில் இருந்தவர். 2008ல் தொடங்கினார்கள். தொடக்கத்தில் பிரிட்டன் அரசின் பணம் தாராளமாக வந்தது. வந்த அதே காரணத்தால் முஸ்லிம் சமூகத்தில் பலர் இவர்களை அரசின் ஆள் என்று ஒதுக்கினார்கள். சில வருடத்தில் அரசுப் பணமும் நின்றது.

2013 அக்டோபரில் ஆங்கிலேயர் பாதுகாப்பு லீக் என்ற முஸ்லிம் எதிர்ப்பு இயக்கத்தின் தலைவர் டாமி ராபின்சனைப் பக்கத்தில் உட்கார வைத்து, இவர் விலகிவிட்டார் என்று பிரஸ்மீட் நடத்தினார்கள். பிறகு அவர் பழைய பாதைக்கே போனார். குவில்லியம் அவருக்குப் பணம் கொடுத்தது எதற்காக என்பதில் இரு தரப்பும் ஆளுக்கொரு கதை சொன்னார்கள். 2015ல் நவாஸ் லிபரல் டெமாக்ரட் வேட்பாளராக நின்று தோற்றார். 2021ல் அமைப்பையே மூடிவிட்டார்கள். 13 வருடம். இதுதான் தங்கையின் எதிர்காலமா?

இன்னொன்று. 2019 நவம்பரில் லண்டன் பிஷ்மாங்கர்ஸ் ஹாலில் இருவரைக் குத்திக் கொன்றவன், சிறையில் மனமாற்றப் பயிற்சி எல்லாம் பெற்று வெளியே வந்தவன். கொன்ற இடமே கைதிகளின் மறுவாழ்வுக்கான கூட்டம். செத்த இருவரும் அந்தக் கல்வித் திட்டத்தில் ஈடுபட்ட இளைஞர்கள். இதற்குப் பிறகும் இதை ஒரு தொழிலாகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

குறிஞ்சி, கூடலூர்
கேள்விக்குறி, அந்தச் சம்பவத்தைச் சாதாரணமாகத் தாண்டிப் போக முடியாது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் மருத்துவமனையில் நோயாளி இறந்தால் மருத்துவமே வேண்டாம் என்போமா?

கேள்விக்குறி, கொடைக்கானல்
நோயாளி டாக்டரைக் குத்துவதில்லை அக்கா. இந்த உவமை இங்கே ஒட்டவில்லை.

பழைய நூலகம், ஊட்டி
கேள்விக்குறி சொன்ன தகவல்களில் தப்பில்லை. ஒன்று மட்டும் சேர்க்கிறேன். வெறுப்புக் குழுக்களைக் கண்காணிக்கும் அமெரிக்காவின் சதர்ன் பாவர்ட்டி லா சென்டர், நவாஸை முஸ்லிம் எதிர்ப்பாளர்கள் பட்டியலில் போட்டதற்காக 2018ல் மன்னிப்புக் கேட்டு 33.75 லட்சம் டாலர் கொடுத்தது. இடதும் வலதும் மாறி மாறி அடித்த ஆள் அவர்.

நான் பார்க்கும் வித்தியாசம் வேறு. குவில்லியத்தின் முதலீடு நவாஸின் முகமும் சொந்தக் கதையும். டி.வி., கட்டுரை, தேர்தல் என்று அந்த முகம் எங்கே போனாலும் அமைப்பும் பின்னால் போனது. அந்த முகத்துக்கு அடி விழுந்தால் அமைப்புக்கும் அடி. வாக்னர் பேட்டி கொடுக்காதவர் அல்ல, ஆனால் எக்ஸிட்டுக்குப் போன் செய்யும் பையனுக்கு வாக்னர் யார் என்றே தெரிய வேண்டியதில்லை. அவன் வழக்கை ஒருவர் எடுத்துப் பார்ப்பார், அவ்வளவுதான். ராபின்சனை வைத்து பிரஸ்மீட் நடத்தியதை இந்தப் பக்கத்திலிருந்து பாருங்கள். வெளியே வந்து ஒரு வாரம்கூட ஆகாத ஆளைக் கேமரா முன் உட்கார வைத்தால் அது அவனுக்கு உதவியா, அமைப்புக்கு விளம்பரமா? உங்கள் தங்கை எந்த அமைப்பில் சேர்ந்தாலும் முதலில் இதைக் கவனிக்கட்டும். மீண்டு வந்தவர்களை அங்கே காட்சிக்கு வைக்கிறார்களா என்று.

எல்லைக்கல், எருமாடு
நான் காவல்துறையில் இருந்து ஓய்வு பெற்றவன். கேரள எல்லையை ஒட்டிய ஸ்டேஷன்களில் வேலை பார்த்தேன். 2016 நவம்பரில் நிலம்பூர் பக்கம் கருளாய்க் காட்டில் மாவோயிஸ்டுகள் இருவர் கொல்லப்பட்ட பிறகு எங்கள் பக்கம் ரோந்து எப்படி இருந்தது என்று அங்கே குடியிருப்பவர்களைக் கேட்டால் தெரியும். கொடைக்கானல் நண்பருக்கு 2008 வடகவுஞ்சி மாவோயிஸ்ட் என்கவுன்டர் நினைவிருக்கும்.

மேகமூட்டம் தம்பி, உங்கள் அப்பா சொல்வதில் பாதி சரி. ஆயுதம் எடுத்தவனைப் பிடிப்பது எங்கள் வேலை. ஆனால் ஆயுதம் எடுக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும் இருபது வயதுப் பையன் எங்களிடம் வந்து பேச மாட்டான். வந்தாலும் நாங்கள் விசாரிப்போமே தவிரப் பேச மாட்டோம், பயிற்சி அப்படி. மாவோயிஸ்டுகள் நோட்டீஸ் ஒட்டினார்கள் என்று தகவல் வந்தால் அந்தக் குடியிருப்பில் உள்ள எல்லோரையும் கேட்போம். அரிசி வாங்கிப் போனது யார், இரவில் வந்தது யார் என்று. அங்கே உள்ளவர்களுக்கு இரண்டு பக்கமும் பயம். இந்த இடைவெளியில் நிற்க ஒருவர் வேண்டும் என்று பணியில் இருந்த காலத்திலேயே எனக்குத் தோன்றியதுண்டு. கேரளத்தில் 2018ல் மாவோயிஸ்டுகளுக்கான சரணடைவுத் திட்டம் கொண்டு வந்தார்கள், 2021ல் வயநாட்டில் ஒருவர் வந்தார். மூன்று வருடத்துக்கு ஓர் ஆள். திட்டத்தில் பணம், வீடு எல்லாம் எழுதியிருக்கும், ஆனால் காட்டுக்குள் இருப்பவனிடம் நம்பிக்கையாகப் போய்ச் சொல்ல ஆள் இருக்காது.

குறிஞ்சி, கூடலூர்
எல்லைக்கல் ஐயா வெளிப்படையாகச் சொன்னதற்கு நன்றி. நான் தாயகம் திரும்பியோர் குடும்பம், டான்டீ என்ற அரசுத் தேயிலைத் தோட்டக் கழகத்தின் லைன் வீட்டில் வளர்ந்தவள். 1964 ஒப்பந்தத்தில் இலங்கையிலிருந்து வந்தவர்களின் பேத்தி. 'சிலோன்காரன்' என்றாலே சந்தேகமாகப் பார்த்த காலம் ஒன்று இருந்தது, எங்கள் அப்பாக்களைக் கேளுங்கள். அதனால் 'தீவிரவாதத் தடுப்பு' என்று போர்டு மாட்டிக்கொண்டு யாராவது எங்கள் லைனுக்கு வந்தால் கதவைச் சாத்துவோம். எங்கள் பிள்ளைகளை ஏன் இப்படிப் பார்க்கிறார்கள் என்றுதான் முதலில் தோன்றும்.

இங்கே நிலைத்த தொண்டு வேலை வேறு வழியில் வந்தது. ஆதிவாசிகளுக்கான அக்கார்ட் அமைப்பை ஸ்டான் தேக்கேக்கராவும் மாரியும் 1986ல் கூடலூரில் தொடங்கினார்கள். பணியர், பெட்டக்குறும்பர், முள்ளுக்குறும்பர், காட்டுநாயக்கர் ஊர்களில் சங்கம் கட்டி, 1988ல் நில உரிமைக்காக ஆயிரக்கணக்கான ஆதிவாசிகள் கூடலூரில் ஊர்வலம் போனார்கள். பிறகு அஸ்வினி மருத்துவமனை, வித்யோதயா பள்ளி. அவர்கள் தீவிரவாதத்துக்கு எதிராக என்று எதையும் செய்யவில்லை, அந்தக் கணக்கில் அவர்களைச் சேர்ப்பதும் தப்பு. நான் சொல்ல வருவது, நிலத்தைப் பறிகொடுத்தவனுக்கு சட்டப்படி போராடவும் ஒரு வழி இருக்கிறது என்று காட்டினால், காட்டிலிருந்து வருபவன் பேச்சுக்கு மவுசு குறையும். உங்கள் தங்கை இப்போது செய்கிற களப்பணியும் இந்த வேலையில் பாதிதான், அது அவளுக்குத் தெரியுமா?

கேள்விக்குறி, கொடைக்கானல்
இதை ஒத்துக்கொள்கிறேன் அக்கா, பாதி வரைக்கும். வறுமைதான் காரணம் என்றால் 2019 ஈஸ்டர் அன்று கொழும்பில் குண்டு வைத்தவர்களில் கோடீஸ்வர வியாபாரியின் பிள்ளைகள் எப்படி வந்தார்கள்? வசதியான வீட்டுப் பையன்களுக்கு எந்த மருத்துவமனை கட்டிக் கொடுப்பீர்கள்?

குறிஞ்சி, கூடலூர்
அதற்கு என்னிடம் பதில் இல்லை. நூலகம் சார்?

பழைய நூலகம், ஊட்டி
ஸ்வீடனில் எக்ஸிட் 1998ல் தொடங்கியது, ஜெர்மனிக்கு முன்பே. தொடங்கியவர் கென்ட் லிண்டால், அவரும் முன்னாள் நவநாஜி. அவர்கள் அனுபவத்தில் பையன்கள் பலர் கொள்கையைப் படித்துவிட்டு உள்ளே போகவில்லை. கூட்டாளிகள், இசை, கும்பலாக நடக்கும்போது வரும் தைரியம் என்றுதான் போனார்கள், கொள்கை பிறகு ஏறியது. பணக்கார வீட்டுப் பையனுக்கும் இது பொருந்தும். அதனால்தான் வெளியே வருபவனுக்கு அங்கே ஒரு தொடர்பாளரை ஒதுக்குகிறார்கள், பெரும்பாலும் அதே பாதையில் போய்த் திரும்பியவரை. இரவு இரண்டு மணிக்கும் போன் எடுக்க வேண்டும். பழைய நண்பர்களை எல்லாம் ஒரே நாளில் இழந்தவனுக்கு அந்த நேரத்தில் பேச வேறு யாரும் இருக்க மாட்டார்கள்.

கணக்குப்பிள்ளை, குன்னூர்
எல்லோரும் மனசைப் பற்றிப் பேசுகிறீர்கள், நான் பணத்தைப் பற்றிப் பேசுகிறேன். என்.ஜி.ஓ. கணக்குகள் பார்ப்பவன் நான்.

அமெரிக்காவில் லைஃப் ஆஃப்டர் ஹேட் என்று ஓர் அமைப்பு, முன்னாள் வெள்ளை இனவெறியர்கள் தொடங்கியது. 2017 ஜனவரியில், ஒபாமா ஆட்சி முடியும் தருவாயில், 4 லட்சம் டாலர் அரசு நிதி அறிவித்தார்கள். ஜூனில் டிரம்ப் அரசு அந்தப் பட்டியலில் இருந்து தூக்கிவிட்டது. ஆகஸ்டில் சார்லட்ஸ்வில் ஊரில் வெள்ளை இனவெறியர்கள் ஊர்வலம் போய்க் கலவரம். அதற்குப் பிறகு பொதுமக்கள் நன்கொடை வந்ததால் பிழைத்தார்கள். வாக்னரின் அமைப்பும் திட்ட நிதி முடிந்து மூடும் நிலைக்குப் போய் வந்ததுதான். தலைவர் என்றால் பாதி நேரம் விண்ணப்பம் எழுதுவது, மீதி நேரம் வந்த பணத்துக்கு அறிக்கை எழுதுவது.

இங்கே நடத்தினால்? வெளிநாட்டுப் பணத்துக்கு எஃப்.சி.ஆர்.ஏ. 2010 சட்டம். 2020 திருத்தத்துக்குப் பிறகு பணம் டெல்லி ஸ்டேட் பேங்க் மெயின் பிராஞ்சில்தான் இறங்க வேண்டும், இன்னொரு அமைப்புக்குக் கைமாற்றக் கூடாது, நிர்வாகச் செலவு 50 சதவீதம் வரை இருந்ததை 20 ஆக்கிவிட்டார்கள். இந்த வேலையில் செலவே ஆள் சம்பளம்தான். கவுன்சலர் சம்பளம் நிர்வாகச் செலவா, திட்டச் செலவா என்று ஆடிட்டரோடு மல்லுக்கட்ட வேண்டிவரும். கம்பெனிகள் சமூகப் பணிக்கு ஒதுக்கும் சி.எஸ்.ஆர். பணம் பள்ளிக்கூடக் கழிப்பறைக்கு உடனே கிடைக்கும். 'நவநாஜி மாதிரி பையன்களைத் திருத்துகிறோம், பெயர் சொல்ல மாட்டோம், போட்டோ கிடையாது' என்றால் எந்த கம்பெனி கொடுக்கும்? திறப்பு விழாவுக்கு ரிப்பன் வெட்டக்கூட எதுவும் இல்லையே.

டீக்கடை பெஞ்ச், குன்னூர்
கணக்குப்பிள்ளை அண்ணா சொன்னதிலேயே எனக்குத் தலை சுற்றுகிறது. போலீஸ் வேலையே சுலபம் போலிருக்கிறது.

எல்லைக்கல், எருமாடு
இன்னும் ஒன்று பாக்கி. உபா என்ற சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்புச் சட்டத்தில் தேடப்படுபவருக்கு அடைக்கலம் கொடுப்பது தனிக் குற்றம். ஒரு பையன் வந்து 'நான் வெளியே வர வேண்டும்' என்கிறான். அவன் மேல் வழக்கு இருக்கிறது. அவனைச் சாப்பிட வைத்துப் பேசினால் அது ஆலோசனையா, அடைக்கலமா? நல்ல வக்கீல் ஒருவர் முதல் நாளிலிருந்தே கூட இருக்க வேண்டும். உள்ளூர் எஸ்.பி.க்கும் அமைப்பைப் பற்றித் தெரிந்திருக்க வேண்டும், ஆனால் அவர் கேட்கும் பெயர்களை எல்லாம் கொடுக்கவும் கூடாது. அந்த இரண்டுக்கும் நடுவில் நடப்பது சுலபமில்லை.

பழைய நூலகம், ஊட்டி
ஐயா சொன்னது ஜெர்மனியிலும் தீராத சிக்கல். போதை அடிமைகளுக்கு ஆலோசனை சொல்பவருக்கு நீதிமன்றத்தில் சாட்சி சொல்ல மறுக்கும் உரிமை அங்கே சட்டத்தில் உண்டு. தீவிரவாதத்திலிருந்து மீட்கும் ஆலோசகருக்கு அப்படித் தனி உரிமை இல்லை. பிரிட்டனில் 2015 பயங்கரவாதத் தடுப்புச் சட்டத்துக்குப் பிறகு ஆசிரியரும் மருத்துவரும்கூட சந்தேகப்படும் ஆளைப் பற்றித் தகவல் சொல்ல வேண்டிய பொறுப்பில் இருக்கிறார்கள். அதனால் பிள்ளைகள் வகுப்பில் வாயைத் திறப்பதே குறைந்துவிட்டது என்று அங்குள்ள ஆசிரியர்கள் பலர் குறை சொல்கிறார்கள். பேச வைக்க வேண்டிய வேலைக்கு இதைவிடப் பெரிய தடை இருக்க முடியாது.

சமவெளி, கோவை
மலைக்காரர் இழையில் கீழே இருப்பவன் ஒரு வார்த்தை. 1997 நவம்பர் கடைசியில் இங்கே ஒரு போக்குவரத்துக் காவலர் கொலை. அடுத்து வந்த கலவரத்திலும் துப்பாக்கிச் சூட்டிலும் 18 முஸ்லிம்கள் செத்தார்கள். 1998 பிப்ரவரி 14ல் குண்டுகள் வெடித்து 58 பேர் பலி. நடுவில் இருந்தது இரண்டரை மாதம். தம்பியை இழந்தவனும் கடையை இழந்தவனும் அந்த இரண்டரை மாதம் யாரிடம் பேசிக்கொண்டிருந்தார்கள் என்று யோசித்துப் பாருங்கள். குண்டு வைக்கச் சொன்னவன் அவர்களிடம் பேசினான். மேகமூட்டம், உங்கள் தங்கைக்கு வேலை உண்டு. அது லண்டனில்தான் இருக்கிறது என்று மட்டும் நினைக்க வேண்டாம்.

மேகமூட்டம், கோத்தகிரி
இவ்வளவு வரும் என்று எதிர்பார்க்கவில்லை. மொத்தத்தையும் தங்கையிடம் படிக்கக் கொடுத்தேன். அவள் கேட்கச் சொன்னவை: ஜெர்மனிக்குப் போனால் ஆங்கிலம் போதுமா? நவநாஜிகளோடு வேலை செய்ய ஒரு தமிழ்ப் பெண்ணை அவர்களே ஏற்பார்களா? எல்லைக்கல் ஐயாவை நேரில் வந்து பார்க்கலாமா? அப்பா இந்த இழையைப் படித்துவிட்டு, "அந்த ரிட்டயர்டு போலீஸ்காரர் சரியாகப் பேசுகிறார்" என்று மட்டும் சொன்னார்.

பழைய நூலகம், ஊட்டி
படிக்க ஆங்கிலம் போதும், ஆட்களோடு உட்கார்ந்து பேச ஜெர்மன் வேண்டும். ஜெர்மன் கற்றுத்தரும் சென்னை மாக்ஸ் முல்லர் பவனில் இப்போதே சேரட்டும். இரண்டாவது கேள்விக்கு: நேரடி ஆலோசகராக உடனே விட மாட்டார்கள், விடவும் கூடாது. ஆனால் வெளியேறியவர்களின் பெற்றோரோடு பேசும் பிரிவு, ஆராய்ச்சி, பயிற்சி இவையெல்லாம் உண்டு. அம்மாக்களிடம் பேசக் கற்றுக்கொண்டால் இங்கே திரும்பி வந்ததும் அதுதான் அதிகம் பயன்படும்.

கேள்விக்குறி, கொடைக்கானல்
என் சந்தேகம் அப்படியேதான் இருக்கிறது. இருந்தாலும் போகட்டும். போவதற்கு முன் குவில்லியம் மூடியதைப் பற்றி வந்த கட்டுரைகளையும் ஒருமுறை படிக்கச் சொல்லுங்கள்.

எல்லைக்கல், எருமாடு
தாராளமாக வாருங்கள் தம்பி, தங்கையையும் அப்பாவையும் கூட்டிக்கொண்டு. ஞாயிறு வேண்டாம், அன்று பேரப்பிள்ளைகள் வருவார்கள், ஒரு வார்த்தை பேச முடியாது. மற்ற நாளில் காலையில் கூடலூரிலிருந்து பஸ் இருக்கிறது. முகவரி தனிச் செய்தியில் அனுப்புகிறேன்.